குளிரால் உறுதிபெறும் எஃகு

உலையில் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைக் கொல்லர் தண்ணீரில் தோய்க்கும்போது எழும் 'சுர்ர்' என்னும் ஓசையைக் கேளாதவர் நம்மில் சிலரே இருப்பர். தோய்ச்சல் சரியாக அமைந்த அரிவாள் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அது தவறினாலோ, முதல் அறுவடையிலேயே வாய் மழுங்கிப்போகும். அல்லது கல்லில் பட்டவுடன் பல் விழுந்துவிடும். இரும்பை உறுதியாக்குவது நெருப்பு என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நெருப்பு செய்வது பாதி வேலையே. மறுபாதியைச் செய்து முடிப்பது குளிர்ச்சி.

அப்படியானால் எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்? நம் நாட்டுப் பட்டறைத் தொட்டியில் உள்ள தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 30 டிகிரி சென்டிகிரேடு. அதனினும் மிகுந்த குளிரில், பனிக்கட்டியும் வெம்மையானது என்று சொல்லத்தக்க கடுங்குளிரில், எஃகை வைத்தால் அது மேலும் உறுதிபெறுமா? இக்கேள்விக்கு இன்று தெளிவான விடை உண்டு. 'ஆம்' என்பது அவ்விடையின் ஒரு பகுதி. 'எல்லா எஃகுக்கும் அன்று' என்பது மறு பகுதி. இரண்டையும் சேர்த்து அறிந்தவரே இதனால் பயன் பெறுவர். 'குளிர் ஊட்டப்பட்டது' என்னும் முத்திரையோடு கருவிகள் கூடுதல் விலைக்கு விற்கப்படும் இந்நாளில், கடைசல் பட்டறையும் தச்சுப் பட்டறையும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இவ்வறிவு மிகவும் தேவை.

எஃகின் உள்ளே

எஃகு என்பது பெரும்பகுதி இரும்பும், அதனுள் கலந்த சிறிதளவு கார்பனும் ஆகும். நூறு பங்கில் ஒரு பங்கு கார்பன் இருந்தாலே அது கடினமான கருவி எஃகாகிவிடும். உலையில் நன்கு காய்ந்து செந்நிறமாக ஒளிரும் நிலையில், இரும்பின் அணுக்கள் ஒருவகைச் சதுரக் கட்டமைப்பில் அடுக்கப்பட்டிருக்கும். கனசதுரப் பெட்டி ஒன்றின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் ஒவ்வோர் அணு இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். இவ்வடுக்கின் இடைவெளிகளில் கார்பன் அணுக்கள் தாராளமாகத் தங்கியிருக்கும். இந்நிலைக்கு 'ஆஸ்டெனைட்' என்று பெயர். இங்கிலாந்து நாட்டு உலோகவியல் அறிஞர் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் என்பவரின் நினைவாக இடப்பட்ட பெயர் இது. ஆஸ்டெனைட் மென்மையானது; எளிதில் வளையும்.

இவ்வெஃகை மெதுவாக ஆறவிட்டால் கார்பன் அணுக்கள் நிதானமாக வெளியேறித் தனியே சேர்ந்துகொள்ளும். எஃகும் மென்மையாகவே இருந்துவிடும். சட்டென்று தோய்த்தாலோ, இரும்பு அணுக்கள் வேறொரு கட்டமைப்புக்குத் தாவிவிடும். கார்பன் அணுக்களுக்கு வெளியேற நேரமிராது. நெருக்கமான அறையில் கதவு பூட்டப்பட்டுச் சிக்கிக்கொண்டவர்களைப்போல் அவை உள்ளே அகப்பட்டு, அடுக்கையே ஒருபுறமாக இழுத்து நீட்டிவிடும். இந்த இறுக்கமான நிலையே எஃகின் கடினத்திற்குக் காரணம். இதனை 'மார்ட்டென்சைட்' என்பர். ஜெர்மனி நாட்டு அறிஞர் அடால்ப் மார்ட்டென்ஸ் (1850-1914) என்பவரின் பெயரை இது தாங்கியுள்ளது.

தோய்ச்சலின் நோக்கம், சுருங்கச் சொன்னால், ஆஸ்டெனைட் முழுவதையும் மார்ட்டென்சைட்டாக மாற்றுவதே.

முடியாமல் நின்ற வேலை

இம்மாற்றத்திற்கு வியத்தகு இயல்பு ஒன்று உண்டு. சோறு வேக நேரம் வேண்டும். பால் தயிராக நேரம் வேண்டும். ஆனால் மார்ட்டென்சைட் உண்டாவதற்குக் காத்திருப்பதால் பயன் பெரிதாக இல்லை. வெப்பம் எவ்வளவு தாழ்கிறது என்பதே கணக்கு. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் மாற்றம் தொடங்கும். வெப்பம் தாழத் தாழ மாற்றமும் வளரும். மற்றொரு குறிப்பிட்ட வெப்பநிலையை அடைந்த பின்னரே அது நிறைவுபெறும். இடையில் வெப்பம் தாழ்வது நின்றுவிட்டால் மாற்றமும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கார்பன் குறைந்த எஃகில் இம்மாற்றம் தண்ணீர்த் தொட்டியின் வெப்பத்திற்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. கார்பனின் அளவு நூற்றுக்கு 0.6 பங்கைத் தாண்டும்போது, முடிவு நிலை அறை வெப்பத்திற்கும் கீழே இறங்கிவிடுகிறது. குரோமியம், நிக்கல், மாங்கனீசு முதலியவற்றைச் சேர்த்தால் இன்னும் கீழே போகும். ஆகவே உயர்ந்த கருவி எஃகுகளைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தெடுக்கும்போது, வேலை முழுவதும் முடிந்துவிட்டதாகத் தோன்றினாலும் உண்மையில் முடிவதில்லை. ஒரு பகுதி ஆஸ்டெனைட் மாறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. குரோமியம் மிகுந்த அச்சு எஃகுகளில் இது நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலும் இருக்கக்கூடும்.

இதனால் வரும் தீங்கு இரண்டு. முதலாவது, கடினமான எஃகின் இடையிடையே மென்மையான திட்டுகள் நின்றுவிடுகின்றன. அங்கே தேய்மானம் விரைவில் தொடங்குகிறது. இரண்டாவது தீங்கு மறைவானது. தங்கிப்போன ஆஸ்டெனைட், வேலைப்பளுவாலோ, பின்னர் நேரும் குளிராலோ, நாள் கழித்து மார்ட்டென்சைட்டாக மாறக்கூடும். அவ்வாறு மாறும்போது அப்பகுதியின் கன அளவு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு பெருக்கிறது. கருவி தன் அளவு மாறிக் கோணும். சில வேளைகளில் உள்ளே விரிசலும் காணும்.

அரிவாளில் மயிரிழையளவு கோணல் ஏற்பட்டால் யாரும் கவலைப்படப் போவதில்லை. அளவுக் கருவிகளில் அது பெரும் கேடாகும். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் என்பவர் 1896-ஆம் ஆண்டில் அளவுக் கட்டைகள் என்னும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். கண்ணாடிபோல் வழவழப்பாக்கிய எஃகுக் கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கி, வேண்டிய நீளத்தை மிகத் துல்லியமாகப் பெறுவது அம்முறை. உலகத் தொழிற்சாலைகளின் அளவுகளுக்கெல்லாம் இக்கட்டைகளே உரைகல்லாயின. உரைகல்லே பெட்டிக்குள் இருந்தபடி வளர்ந்தால் என் செய்வது? ஆகவே இத்தகைய கட்டைகளைச் செய்வோர், எஃகைக் கடுங்குளிருக்கும் மிதமான சூட்டுக்கும் மாறி மாறி ஆட்படுத்தி, மாறவேண்டியதையெல்லாம் முன்கூட்டியே மாறச் செய்து நிலைப்படுத்தும் வழக்கத்தை மேற்கொண்டனர்.

கடுங்குளிர் கைக்கு வந்த வரலாறு

எஃகை உறைநிலைக்கு மிகக் கீழே கொண்டுசெல்ல வேண்டுமானால் அவ்வளவு குளிர்ந்த பொருள் ஒன்று வேண்டும். 1883-ஆம் ஆண்டில் போலந்து அறிஞர்களான விரோப்லெவ்ஸ்கி, ஓல்ஸெவ்ஸ்கி ஆகிய இருவரும் கிராகோ நகரில் ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் திரவமாக்கிக் காட்டினர். 1895-இல் ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே, காற்றைத் திரவமாக்கும் முறையைத் தொழில் அளவுக்கு உயர்த்தினார். திரவக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்தெடுக்கும்போது நைட்ரஜனும் ஏராளமாகக் கிடைக்கிறது. திரவ நைட்ரஜன் உறைநிலைக்குக் கீழ் 196 டிகிரியில் கொதிக்கிறது! நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் பனி அறை உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 18 டிகிரி மட்டுமே என்பதை நினைத்தால் இந்த எண்ணின் பெருமை விளங்கும்.

இதற்கு இடைப்பட்டது 'உலர் பனி' எனப்படும் கெட்டிக் கரியமில வாயு. இதன் குளிர் உறைநிலைக்குக் கீழ் 78 டிகிரிக்குச் சற்று அதிகம். கருவி எஃகைத் தோய்த்தபின் ஏறத்தாழ இந்த அளவுக்குக் குளிர்விப்பது பல பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். தங்கிப்போன ஆஸ்டெனைட்டில் பெரும்பகுதி இதிலேயே மாறிவிடுகிறது.

அதற்கும் கீழே, திரவ நைட்ரஜனின் குளிருக்கே எஃகைக் கொண்டுசெல்லும் முறை 1960-களிலிருந்து அமெரிக்காவில் தொழிலாகவே வளர்ந்தது. தொடக்கத்தில் சிலர் கருவிகளை நேரே திரவத்தில் முக்கினர். விளைவு, பல கருவிகள் வெடித்தன. புறப்பகுதி திடீரெனச் சுருங்க, உட்பகுதி சுருங்காமல் நிற்க, இழுபறியில் எஃகு பிளந்தது. சூடான கண்ணாடிக் குவளையில் குளிர்ந்த நீரை ஊற்றுவதற்கு ஒப்பானது இது. இன்று கையாளும் முறையோ நிதானமானது. மூடிய அறையில் கருவிகளை அடுக்கி, நைட்ரஜன் ஆவியைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, பல மணி நேரத்தில் மெதுவாகக் குளிர்விக்கின்றனர். பெரும்பாலும் ஒரு நாள் அளவு அக்குளிரிலேயே வைத்திருந்து, அதே நிதானத்தோடு அறை வெப்பத்திற்குக் கொண்டுவருகின்றனர். அதன்பின் எஃகின் வகைக்கு ஏற்ப மறுபடியும் மிதமாகச் சூடேற்றிப் பதமிடுகின்றனர்.

இந்த இறுதிப் பதமிடல் தவிர்க்க முடியாதது. புதிதாக உண்டான மார்ட்டென்சைட் கடினமானதே. ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை உடையது. மிதமான சூடே அதன் விறைப்பைத் தணித்து, அடி தாங்கும் வலிமையைக் கொடுக்கிறது. குளிரூட்டிவிட்டுப் பதமிடாமல் கொடுக்கப்படும் கருவி, வேலை அரைகுறையாக விடப்பட்ட கருவியே.

ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

அமெரிக்காவின் லூசியானா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்டல் பாரன் என்னும் பேராசிரியர், 1982-இல் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். பன்னிரண்டு வகைக் கருவி எஃகுகளையும், துருவேறா எஃகுகள் மூன்றையும், வேறு உலோகங்கள் நான்கையும் அவர் எடுத்துக்கொண்டார். அவற்றை உறைநிலைக்குக் கீழ் 84 டிகிரியிலும், 196 டிகிரியிலும் தனித்தனியே குளிர்வித்து, தேய்மானத்தை அளந்து பார்த்தார். கருவி எஃகுகள் 84 டிகிரிக் குளிரில் ஓரளவும், 196 டிகிரிக் குளிரில் அதனினும் மிகுதியாகவும் தேய்மானத்தைத் தாங்கின. துருவேறா எஃகுகளில் இரண்டு குளிருக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. சாதாரணக் கார்பன் எஃகும் வார்ப்பிரும்பும் எந்த முன்னேற்றமும் காட்டவில்லை.

இம்முடிவின் பின்பகுதியை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். முடியாமல் நின்ற வேலை எங்கே உள்ளதோ, அங்கேதான் குளிர் அதை முடித்துவைக்க முடியும். முடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் குளிருக்கு வேலையில்லை.

ஆனால் புதிர் ஒன்று எஞ்சி நின்றது. ஆஸ்டெனைட்டின் பெரும்பகுதி 84 டிகிரியிலேயே மாறிவிடுகிறது என்றால், 196 டிகிரியில் மேலும் நன்மை கிடைப்பது எப்படி? ஜப்பானில் 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விளக்கம் தந்தது. கடுங்குளிரில் எஃகின் அடுக்கு மேலும் சுருங்கி இறுகுகிறது. உள்ளே சிக்கிய கார்பன் அணுக்கள் சிறிது இடம்பெயர நேர்கிறது. பின்னர்ப் பதமிடும்போது அவை மிக நுண்ணிய கார்பைடு துகள்களாக எங்கும் சீராகப் பரவி அமைகின்றன. சுண்ணாம்புச் சாந்தில் மணல் சீராகக் கலந்திருந்தால் சுவர் உறுதிப்படுவதுபோல, இத்துகள்கள் எஃகின் தேய்மானத்தைத் தடுக்கின்றன.

இத்துறையில் நம் தமிழகத்தின் பங்கும் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இரண்டு அதிவேக எஃகுகளையும் ஓர் அச்சு எஃகையும் ஆராய்ந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். கருவிகளின் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடியதை அவர்கள் கண்டனர். பதமிட்ட பின் குளிர்விப்பதைவிடப் பதமிடுமுன் குளிர்விப்பதே மேலானது என்பது அவர்களது மற்றொரு முடிவு. 2006-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து, வாகனப் பற்சக்கரங்களுக்குப் பயன்படும், மேற்பரப்பில் கார்பன் ஏற்றிய எஃகைப் பற்றிய ஆராய்ச்சியும் வெளிவந்தது. அங்கும் மிதமான குளிரைவிடக் கடுங்குளிரே தேய்மானத்தை அதிகம் தடுத்தது.

குளிர் இரும்பை முறிப்பதும் உண்டே!

இவ்விடத்தில் விவரமறிந்த வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, "குளிரில் இரும்பு நொறுங்கும் என்றல்லவா படித்திருக்கிறோம்?" என்று கேட்கக்கூடும். அதுவும் உண்மையே. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கட்டப்பட்ட 'ஸ்கெனெக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல், 1943 ஜனவரி 16-ஆம் நாள் இரவில், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் அமைதியான நீரில் கட்டப்பட்டு நின்ற நிலையிலேயே பேரொலியுடன் இரண்டாக முறிந்தது. புயலும் இல்லை, பகைவர் குண்டும் இல்லை. வெளிக்காற்று உறைநிலையை ஒட்டிய குளிரில் இருந்தது. அதே காலத்தில் கட்டப்பட்ட 'லிபர்ட்டி' கப்பல்கள் பலவற்றிலும் விரிசல்கள் கண்டன. பற்றவைப்புத் தொழிலாளரின் மேல் பலர் பழி சுமத்தினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பெண் அறிஞர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்பவர், அந்த எஃகே குளிரில் தன் நெகிழ்ச்சியை இழந்து நொறுங்கும் இயல்புடையது என்று நிறுவினார். பற்றவைத்த கப்பலில் தகடுகள் யாவும் ஒரே உடலாக இணைந்திருந்தமையால், ஓரிடத்தில் தோன்றிய விரிசல் தடையின்றி ஓடியது.

இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. கப்பலின் எஃகு, குளிரில் இருக்கும்போதே பளுவைத் தாங்க வேண்டியிருந்தது. கருவி எஃகோ, குளிரில் சும்மா கிடந்து, மீண்டும் அறை வெப்பத்திற்கு வந்து, பதமிடப்பட்ட பின்னரே வேலைக்குச் செல்கிறது. ஒன்று குளிரில் உழைப்பது; மற்றொன்று குளிரில் பக்குவப்பட்டு வெளியே உழைப்பது. திரவ வாயுக்களை நிரப்பும் கொள்கலன்களைச் சாதாரண எஃகால் செய்யாமல், குளிரிலும் நெகிழ்ச்சி குன்றாத அலுமினியத்தாலும், நிக்கல் மிகுந்த எஃகாலும், துருவேறா எஃகாலும் செய்வதன் காரணமும் இதுவே.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

குளிரூட்டிய கருவிக்கும் மற்றதற்கும் பார்வையில் ஒரு வேறுபாடும் இராது. நிறமும் எடையும் அவையே. கடினத்தை அளக்கும் பொறியில் இட்டாலும் வேறுபாடு மிகச் சிறிதாகவே தெரியும். ஆகவே வாங்குபவர் விற்பவரின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கிறது. அதனால் மூன்று கேள்விகளைக் கேட்டுத் தெளிவது நன்று.

ஒன்று: இது எந்த வகை எஃகு? துளையிடும் அலகுகள், அச்சுகள், வெட்டும் கத்திகள் ஆகியவற்றுக்கான அதிவேக எஃகும் குரோமிய எஃகும் ஆனால் பயன் எதிர்பார்க்கலாம். சாதாரண இரும்புச் சாமானுக்கும் வார்ப்பிரும்புக்கும் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இரண்டு: எவ்வளவு குளிர், எவ்வளவு நேரம், தோய்ச்சலுக்குப் பின் எப்போது? தோய்த்த எஃகை நெடுநேரம் வெளியே வைத்துவிட்டால் தங்கிய ஆஸ்டெனைட் அந்நிலையிலேயே பழகி, பின்னர் எளிதில் மாறாது. உடனே குளிர்வித்தாலோ சிக்கலான வடிவமுடைய கருவிகளில் விரிசல் காணும் அச்சம் உண்டு. எந்தக் கருவிக்கு எது தகும் என்று அறிந்தவரே இதைச் செய்ய வேண்டும்.

மூன்று: குளிரூட்டிய பின் பதமிட்டீர்களா? இதற்குத் தடுமாறாமல் விடை சொல்பவர் தொழில் தெரிந்தவர்.

நன்மை ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. மேலே பூசும் முலாம், சாணை பிடிக்கும்போது கரைந்துபோகும். குளிரூட்டலின் பயன் கருவியின் உள்ளும் புறமும் நிறைந்தது. எத்தனை முறை தீட்டினாலும் அது நீங்குவதில்லை. ஆனால் தோய்ச்சலே தவறிப்போன கருவியை எந்தக் குளிரும் காப்பாற்றாது. எல்லா இடத்திலும் ஆஸ்டெனைட் முழுவதையும் ஒழிக்கவேண்டும் என்பதுமில்லை. பெரும் அடியைத் தாங்கவேண்டிய சில உறுப்புகளில் சிறிதளவு ஆஸ்டெனைட் இருப்பதையே பொறியாளர் விரும்புவர்.

இதைப் படித்துவிட்டு முகச்சவர பிளேடுகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்க்க இளைஞர் யாரேனும் முற்பட்டால், கெடுதல் ஒன்றும் வாராது, பயனும் வாராது. ஆனால் திரவ நைட்ரஜனை எங்கேனும் பெற்று வீட்டிலோ சிறு பட்டறையிலோ சோதனை செய்ய எவரும் துணியலாகாது. அது தோலில் பட்டால் நெருப்புப்போல் புண்ணாக்கும். அதனினும் பெரிய ஆபத்து வேறு. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியாகும்போது ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகப் பெருகும். நிறமும் மணமும் இல்லாத அவ்வாயு மூடிய அறையில் ஆக்ஸிஜனை விலக்கிவிடும். மூச்சுத் திணறும் உணர்வே தோன்றாமல் ஆள் மயங்கி விழுவார். காப்பாற்ற உள்ளே ஓடுபவரும் விழுவார். காற்றோட்டமும் எச்சரிக்கைக் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் உள்ள இடத்தில் மட்டுமே இவ்வேலை நடைபெற வேண்டும். இத்தகைய நிலையங்களில் நம் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்தால், முதல் நாளிலேயே அவர்கள் கேட்டறிய வேண்டியது இந்த ஏற்பாடுகளைப் பற்றித்தான்.

உலையும் தொட்டியும் தொடங்கிய வேலையை முடித்துவைக்கக் கடுங்குளிர் பின்னாளில் வந்து சேர்ந்தது. காய்ச்சுதல், தோய்த்தல், மெதுவாகக் குளிர்வித்தல், பதமிடுதல் ஆகிய நான்கும் முறைதவறாமல் அமைந்தால் கருவி நீடித்து உழைக்கும். இவற்றுள் ஒன்றைச் செய்துவிட்டு நான்கின் விலையைக் கேட்பவரிடம் நம் வாசகர்கள் ஏமாறாதிருப்பார்களாக.